பணியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு: வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி?

(நமது ஜமாஅத் கல்விக் குழு மதரஸா மண்டபத்தில் நடத்திய உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)





வழக்கமாக இந்நிகழ்ச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காகவே பேசி வந்துள்ளோம். இன்று வேறொரு சாராருக்காகப் பேச விரும்புகிறோம். சில ஆண்டுகளாகக் கல்விக் குழுவைத் தேடி வருவோரில் பள்ளியை விட்டு ஐந்து, பத்து ஆண்டுகள் ஆனவர்களும் இருக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் சகோதரி, வளைகுடா நாட்டில் மருந்துக் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய சகோதரர், இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரியும் இளைஞர், சென்னையில் கணினி நிறுவனத்தில் அமர்ந்திருக்கும் பொறியாளர் எனப் பலர். இவர்கள் மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இனிமேல் எனக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்குமா?"

அந்தக் கேள்விக்கு விடை கூறுமுன், நாங்கள் செய்த தவறு ஒன்றை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்று 2022 மார்ச் மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அதற்கு முன் பொதுப்பிரிவினருக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வரம்பு வைக்கப்பட்டு, அது வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அறிவிப்பு வெளியானதும் நாங்கள் மகிழ்ந்தோம். அப்போது ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம் பெற்று, ஸ்கேன் நிலையம் ஒன்றில் பணிபுரிந்து வந்த 29 வயது இளைஞர் ஒருவர் நம் மஹல்லாவில் இருந்தார். அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். "வயது ஒரு தடையல்ல" என்று முழங்கினோம். பைத்துல்மாலிலிருந்து பயிற்சி மையக் கட்டணம் செலுத்தினோம். அவர் வேலையை விட்டார். 2023-இல் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினார். உடனே இதே ஆண்டு மலரில், "நீட் தேர்வில் தேர்ச்சி பெற்ற நம் ஜமாஅத் மாணவர்" என்று புகைப்படத்துடன் வெளியிட்டோம்.

தெருவில் எல்லோரும் அவரிடம், "எந்தக் காலேஜ் தம்பி?" என்று கேட்டார்கள். கல்லூரி எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் தொலைவிலும் அவர் இல்லை. மூன்று தேர்வுகள் எழுதினார். மூன்று ஆண்டுகள் சென்றன. சில மாதங்கள் ஜும்ஆவுக்குக்கூட நம் பள்ளிவாசலுக்கு வராமல் அடுத்த மஹல்லாவுக்குச் சென்று வந்தார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். இன்று வேறொரு நிலையத்தில், முன்பு பெற்றதைவிடக் குறைந்த ஊதியத்தில் இருக்கிறார். அவர் உழைப்பில் குறை வைக்கவில்லை. தேர்ச்சிக்கும் சேர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்குச் சொல்லாமல் உற்சாகம் மட்டும் ஊட்டிய நாங்கள்தான் குறை வைத்தோம். அவருடைய அனுமதி பெற்றே இதனைக் கூறுகிறோம்.

அந்த வேறுபாட்டை இப்போதேனும் விளக்கிவிடுவோம். நீட் தேர்ச்சி என்பது நம் பள்ளித் தேர்வில் 35 மதிப்பெண் பெறுவது போன்றதன்று. தேர்வெழுதியோர் அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, நூற்றுக்கு ஐம்பது பேரைத் தாண்டியவர் பொதுப்பிரிவில் தகுதி பெறுகிறார். நாற்பது பேரைத் தாண்டியவர் பிற்படுத்தப்பட்ட மற்றும் தாழ்த்தப்பட்ட பிரிவுகளில் தகுதி பெறுகிறார். 720-க்கு நடைபெறும் இத்தேர்வில், 2025-ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்டோருக்கான தகுதி மதிப்பெண் 113. அந்த ஆண்டு 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். நாடு முழுவதும் அரசு, தனியார், நிகர்நிலை எல்லாவற்றையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.2 இலட்சம். அதாவது தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்கே இடம். அந்த ஓர் இடமும் நம்மால் கட்டணம் செலுத்த இயலும் இடமாக இருக்க வேண்டுமென்பதில்லை. 113 மதிப்பெண் எடுத்தவரும் 600 எடுத்தவரும் "தேர்ச்சி" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். எங்களை ஏமாற்றியது அந்தச் சொல்தான்.

அடுத்து, செய்துவரும் பணிக்கு என்ன மதிப்பு உண்டு என்ற கேள்வி. ஆறு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்த செவிலியருக்கு, இதயத்துடிப்பு நின்றுபோன நோயாளியைத் தன் கைகளால் மீட்ட அனுபவம் இருக்கும். அதற்கு ஏதேனும் கூடுதல் மதிப்பெண் உண்டா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பொதுவாக நேர்காணல் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, "நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்" என்று எழுதச் சொல்லும் தாளும் இல்லை. வேலூர் சி.எம்.சி. கல்லூரி நீண்ட காலமாகத் தனித் தேர்வும் நேர்காணலும் வைத்து மாணவர்களின் மனப்பாங்கை ஆராய்ந்து சேர்த்து வந்தது. நீட் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் அந்த வழியும் அடைபட்டது.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வசிக்கும் நம் உறவினர்கள் தொலைபேசியில், "இங்கெல்லாம் நர்ஸாக இருந்தவர்கள் டாக்டர் ஆகிறார்களே, உன் அனுபவமே உனக்குப் பெரிய பலம்" என்று கூறுகிறார்கள். அவர்கள் கூறுவது அந்நாடுகளுக்கு உண்மையே. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற்று, எம்.கேட் என்னும் தேர்வெழுதி, விண்ணப்பத்தில் தம் பணிகளையும் சேவைகளையும் பதினைந்து வரை பட்டியலிட்டு, நேர்காணலுக்கும் செல்ல வேண்டும். அங்கே செவிலியர், இராணுவத்தில் இருந்தவர், ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்களும் சேர்கிறார்கள். பணி அனுபவம் அங்கே எடைபோடப்படுகிறது. இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கென்றே நான்காண்டு மருத்துவப் படிப்பு உண்டு. ஆனால் அக்கல்லூரிகளில் வெளிநாட்டவருக்கு இடம் மிக அரிது; செலவும் நம் போன்றோருக்கு எட்டாதது. ஆகவே அந்நாட்டு அளவுகோலைக் கொண்டு இந்நாட்டு வாய்ப்பை அளந்து ஏமாற வேண்டாம்.

இங்கே கேட்கப்படுபவை 180 வினாக்கள். மூன்று மணி நேரம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். தமிழிலும் எழுதலாம். இவ்வளவுதான் அளவுகோல். இதனைக் கண்டு மனம் சோரவும் தேவையில்லை. அனுபவத்திற்கு மதிப்பெண் இல்லாதது போலவே, வயதுக்கும் இடைவெளிக்கும் மதிப்பெண் குறைப்பு இல்லை.

இனி அச்சகோதரியைப் பற்றிக் கூறுகிறோம். அவருக்கு வயது 27. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணி. அத்தா வஃபாத்தாகிவிட்டார். உம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி, இவருடைய ஊதியத்தில் நடக்கும் குடும்பம். 2024-ஆம் ஆண்டு நடுவில் எங்களிடம் வந்தார். முன்போல் பொன்னாடை எடுக்காமல், முதலில் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொன்னோம்.

சான்றிதழ் பார்ப்பது அலுப்பான வேலைதான். ஆனால் பாதிப் பேருடைய கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருந்தனவா? அம்மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். மேல்நிலையில் தொழிற்பிரிவில் செவிலியம் படித்துவிட்டு அத்துறைக்கு வந்தவர்களுக்கு இயற்பியல் இருந்திருக்காது. கணிதம், கணினி அறிவியல் எடுத்துப் பொறியாளர் ஆனவர்களுக்கு உயிரியல் இருந்திருக்காது. பின்னவர்களுக்கு 2023 நவம்பரில் ஒரு கதவு திறக்கப்பட்டது: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகும், அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று ஆணையம் அறிவித்தது. முன்பு இவர்களுக்கு வழியே இல்லை.

இன்னொன்று. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்தது. உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா ஐம்பது என இருநூறுக்குக் கட்-ஆஃப் கணக்கிட்ட காலம் அது. அக்காலத்தில் படித்தவர்கள் சிலர் இன்றும், "கட்-ஆஃபில் அரை மார்க்கில் போய்விட்டது, அந்த மார்க்கை வைத்து இப்போது கேட்கலாமா?" என்கிறார்கள். 2017 முதல் அம்மதிப்பெண் நீட் எழுதும் தகுதிக்கு மட்டுமே பயன்படும். தரவரிசையில் அதற்கு இடமில்லை.

சாதிச் சான்றிதழையும் பார்த்தோம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மாநில ஒதுக்கீட்டில் 3.5 விழுக்காடு 2007 முதல் தனியாக உண்டு. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கினி முஸ்லிம், தூதேகுலா, அன்சார், மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கு இது பொருந்தும். சான்றிதழில் பிரிவின் பெயர் வெறுமனே "முஸ்லிம்" என்றிருந்தால் கலந்தாய்வில் சிக்கல் வரும். முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிசெய்து கொள்ள வேண்டும். 3.5 விழுக்காடு என்றால் ஆயிரம் இடங்களுக்கு 35. இதனைப் பெரிய வாய்ப்பாக எண்ணி அசட்டையாக இருப்பவரும் உண்டு. ஒன்றுமில்லை என்று ஒதுக்குபவரும் உண்டு. இரண்டும் சரியன்று. அரசுக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கின்றன; அங்கே இந்த 3.5 பொருந்தாது. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு வருமான வரம்பும் உண்டு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. இதில் நம் சமுதாயத்தினர் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது உரியது. அரசு உதவிபெறும் பள்ளிகள் அதில் சேரா. நம் முன்னோர் அரும்பாடுபட்டு நிறுவிய முஸ்லிம் மேல்நிலைப் பள்ளிகள் பலவும் அரசு உதவிபெறும் பள்ளிகளே. அச்சகோதரியும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்தான். ஆகவே அந்த வழி அவருக்கு இல்லை. வளைகுடாவில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் மாநில ஒதுக்கீட்டைப் பெற நேட்டிவிட்டி சான்றிதழை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அச்சகோதரியிடம் அசல் சான்றிதழ்களே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவமனை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டதாம். இப்படி வாங்கி வைப்பது பல இடங்களில் நடக்கும் வழக்கம், முறையன்று. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் இரண்டு கடிதங்கள் எழுதி, நான்கு மாதங்கள் கழித்தே அவை திரும்பக் கிடைத்தன. கலந்தாய்வுக்கு அழைப்பு வந்த பிறகு இதைத் தொடங்கியிருந்தால் இடமே கைநழுவியிருக்கும். இங்கே அமர்ந்திருக்கும் செவிலியச் சகோதரிகள் தங்கள் அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை. மதரஸாவின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய நீட் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதச் சொன்னோம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எழுதச் சொன்னது வேண்டுமென்றேதான். வேலையை விடுமுன், கடன் வாங்குமுன், பயிற்சி மையத்தின் விளம்பரத்தைப் பார்க்குமுன் தம் நிலை என்னவென்று ஒருவர் அறிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. அவர் பெற்றது 214. உயிரியலில் 150, வேதியியலில் 46, இயற்பியலில் 18.

மருத்துவத் துறைப் பணியிலிருந்து வருவோர் ஏறக்குறைய எல்லோருக்கும் இதே வடிவத்தில்தான் மதிப்பெண் அமைகிறது. உயிரியல் அவர்கள் அன்றாடம் புழங்கும் பொருள். இரத்த ஓட்டம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றை நோயாளியின் உடலிலேயே பார்த்தவர்கள். தாவரவியலில் மட்டும் சற்றுத் தடுமாறுகிறார்கள். இயற்பியலோ பள்ளியோடு விடைபெற்றுப் போய்விட்டது. பொறியாளர்களுக்கு இது தலைகீழ். இயற்பியலில் நன்றாக எடுத்து, உயிரியலை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். எங்கள் கணிப்பில் பொறியாளரின் நிலை ஓரளவு எளிது. தொண்ணூறு வினாக்கள் உள்ள உயிரியலை ஓராண்டு ஊன்றிப் படித்து ஏற்றிவிடலாம். பத்தாண்டு மறந்த இயற்பியலை இரவுப் பணிக்கிடையே மீட்பது அதைவிடக் கடினம். ஆகவே செவிலியர், ஆய்வகப் பணியாளர், மருந்தாளுநர் ஆகியோரின் வாய்ப்பை மதிப்பிடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இயற்பியல் மதிப்பெண்ணைத்தான். நான்கு மாதப் பயிற்சிக்குப் பின் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே மற்றவற்றைத் தீர்மானிக்கிறது.

அவர் வேலையை விடவில்லை. விட வேண்டாம் என்றே நாங்களும் கூறினோம். 2018-19-இல் பாடநூல்கள் மாறிவிட்டபடியால் பழைய புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, புதிய மாநிலப் பாடநூல்களையும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் வாங்கிக் கொடுத்தோம். நம் ஊர் ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்று திட்டமிட்டார். இரவுப் பணி வாரங்களில் அதில் பாதிகூட நடக்கவில்லை. ஒருநாள் அவருடைய உம்மா வந்து, "புத்தகத்தின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுகிறாள், எழுப்பவும் மனசு வரவில்லை" என்று கூறியபோது எங்களுக்கும் மனம் கனத்தது. 2025 மே மாதத் தேர்வில் 361 பெற்றார்.

இம்முறை நாங்கள் புகைப்படம் வெளியிடவில்லை. மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அவற்றில் ஒவ்வொருவருக்கும் மாநில அளவிலான தரவரிசையும், தம் பிரிவுக்குள் பெற்ற தரவரிசையும் இருக்கும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் எந்தத் தரவரிசையோடு நின்றது என்று பார்த்து, அங்கிருந்து அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கணக்கிட வேண்டும். மதிப்பெண்ணை ஒப்பிடுவதைவிடத் தரவரிசையை ஒப்பிடுவதே நம்பத்தக்கது. ஏனெனில் வினாத்தாளின் கடுமைக்கேற்ப மதிப்பெண் ஆண்டுக்காண்டு மாறுகிறது. 2024-இல் முழு மதிப்பெண்ணான 720-ஐப் பலர் பெற்றார்கள். 2025-இல் நாட்டின் முதல் மாணவர் பெற்றதே 686. முந்தைய ஆண்டு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் நம்பிக்கையும் பொய்யாகும், அச்சமும் பொய்யாகும். அச்சகோதரிக்கு அரசுக் கல்லூரி இடத்தை எட்ட இன்னும் நூறு மதிப்பெண்ணுக்கும் மேல் தேவைப்பட்டது. அதை அவரிடம் அப்படியே கூறினோம். ஓராண்டில் 214-லிருந்து 361-க்கு ஏறியதையும் கூறினோம். முதல் நூறைவிட இரண்டாவது நூறு கடினம் என்பதையும் மறைக்கவில்லை.

பத்திரிகைச் செய்திகளைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. ஒடிசாவில் 2020-இல் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். நம் மாநிலத்தில் 2025-இல் ஐம்பது வயதை நெருங்கிய இயன்முறை மருத்துவர் ஒருவர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டும் உண்மைச் செய்திகள். ஆனால் இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எந்த ஒதுக்கீட்டில், என்ன மதிப்பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது என்ற வரியையும் தேடிப் படியுங்கள். சில வேளை அது தனி ஒதுக்கீடாக இருக்கும்; சில வேளை குடும்பப் பொறுப்புகள் முடிந்த ஒருவராக இருப்பார். அவர்களுடைய துணிவை நாம் மதிக்கிறோம். அவர்களுடைய கணக்கு நம் கணக்காகாது.

கணக்கு என்றதும் பணக் கணக்கிற்கு வருவோம். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆகவே இடம் கிடைத்துவிட்டால் செலவில்லை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது சரி. ஊதியம் ஈட்டுபவருக்கு அவர் இழக்கும் ஊதியமே கட்டணம். அச்சகோதரியின் மாத ஊதியம் 16,000 ரூபாய். நான்கரை ஆண்டுப் படிப்புக் காலத்தில் அவர் வீட்டுக்கு வராமல் போவது 8,64,000 ரூபாய். அதன்பின் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் காலத்தில் உதவித்தொகை கிடைக்கும். 29 வயதில் சேர்ந்தால் 34 வயது தாண்டித்தான் மருத்துவராக வெளிவருவார். தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்திற்கே ஆண்டுக்குச் சில இலட்சங்கள் ஆகும். நிர்வாக ஒதுக்கீடு பத்து இலட்சத்தையும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இருபது இலட்சத்தையும் தாண்டிவிடும். வீட்டை விற்றுச் சேர்ந்தவர்களை நாம் அறிவோம். அதுபற்றி இங்கே விரிவாகக் கூற வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கல்லூரிகளின் முகவர்கள் மிகச் சரியாக இந்த இடத்தில்தான் கதவைத் தட்டுகிறார்கள். "நீட் தேர்ச்சி இருந்தால் போதும்" என்ற அவர்களுடைய சொல் பாதி உண்மை. 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, படிப்பு ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்நாட்டில் மருத்துவம் பார்க்கும் தகுதியையும் பெற வேண்டும். திரும்பி வந்து 300 வினாக்கள் கொண்ட தகுதித் தேர்வில் 150 எடுக்க வேண்டும். பின் இங்கும் ஓராண்டு பயிற்சி. அத்தகுதித் தேர்வில் தேறாதோரே ஒவ்வொரு முறையும் மிகுதி. முப்பது வயதில் புறப்படுபவருக்கு இத்தனை ஆண்டுகள் கையில் இருக்கின்றனவா என்பதை முகவர் எண்ணிப் பார்க்கமாட்டார். நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீட் தரவரிசையைக் கொண்டே சேரும் யூனானிப் படிப்பும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செவிலியர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனித் தகுதி தரும் ஈராண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. அங்கே அவர்களுடைய அனுபவம் வீணாவதில்லை. இவற்றை ஆறுதல் பரிசாகக் கூறுவதாக எண்ண வேண்டாம். அச்சகோதரியிடம் கூறியபோது அவரும் முதலில் அப்படித்தான் எண்ணி முகம் வாடினார்.

ஜமாஅத்தார் முன் வைக்க எங்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. இதுவரை பைத்துல்மால் கல்வி நிதியிலிருந்து கட்டணத்திற்கு மட்டுமே உதவி வருகிறோம். பணியிலிருந்து படிப்புக்குச் செல்பவருக்குத் தேவைப்படுவது கட்டணமன்று. அவருடைய வீட்டின் மாதச் செலவு. மருத்துவ இடம் உறுதியாகக் கிடைத்த ஒருவருக்கு, படிப்புக் காலம் முழுவதும் மாதந்தோறும் ஒரு தொகையை வட்டியில்லாக் கடனாக வழங்கி, பணியில் சேர்ந்த பின் தவணையில் திரும்பப் பெற வேண்டும் என்று கல்விக் குழு தீர்மானம் அளித்துள்ளது. "சம்பாதித்துக் கொண்டிருப்பவருக்கு எதற்கு உதவி, ஏழைப் பிள்ளைகள் காத்திருக்கிறார்களே" என்று பெரியவர்கள் சிலர் மறுக்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது, நிதியும் பெரியதன்று. ஆயினும் பயிற்சி மையங்களுக்கு ஆண்டுதோறும் நாம் செலுத்திவரும் தொகையை நிறுத்தி, அதை இதற்கு மாற்றலாம் என்பது எங்கள் கருத்து. இடம் கிடைக்குமா என்று தெரியாதவருக்குச் செலவிடுவதைவிட, இடம் கிடைத்தும் வீட்டுச் சுமையால் விட்டுவிடும் நிலையிலுள்ளவருக்குச் செலவிடுவது மேல். பொதுக்குழுவில் இதுபற்றி மனந்திறந்து பேசுங்கள்.

தேர்வுக்கு எத்தனை முறை முயல்வது என்ற வரம்பு சட்டத்தில் இல்லை. ஆகவே அதனை அவரவரே முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் வருவோர் ஒரு தாளில் மூன்றை எழுதித் தருகிறார்கள்: எத்தனை தேர்வு, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் நிறுத்துவது, நிறுத்தினால் அடுத்து என்ன. அந்தத் தாளைக் குடும்பத்தார் முன்னிலையில் எழுதச் சொல்கிறோம். அச்சகோதரி எழுதிய தாளில் "இரண்டு தேர்வு" என்றிருக்கிறது. ஒன்று முடிந்துவிட்டது. இரவுப் பணி குறைந்த புறநோயாளர் பிரிவுக்கு மாறிக்கொண்டு அடுத்ததை எழுதுவதா, முதுநிலைச் செவிலியப் படிப்புக்குச் செல்வதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. எந்த முடிவானாலும் அது அவருடையதாகவே இருக்க வேண்டும் என்று அவருடைய உம்மாவிடமும் கூறியிருக்கிறோம்.

பழைய வினாத்தாள் தேர்வு மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு மதரஸா மாடியில் நடைபெறுகிறது. சகோதரிகளுக்குத் தனி அறை உண்டு. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த இளைஞர்தான் இப்போது கடிகாரத்தோடு அமர்ந்து அத்தேர்வை நடத்தித் தருகிறார். தானாகவே முன்வந்து ஏற்றுக்கொண்ட பொறுப்பு. வருவோர் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். கட்டணம் கிடையாது. முன்கூட்டித் தயாராகி வர வேண்டாம்.